தனம் அக்காவின் மோட்டார்

ஒரே இழுப்பு. டுர்ரென்று கிளம்பிவிட்டது.

எங்கள் மோட்டார் அல்ல. பக்கத்துப் படகில் இருந்தது. தனம் அக்காவின் மோட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. செம்பவாங் கடற்கரைப் பக்கம் ஒரு படகுச் சங்கத்தின் மிதவை மேடை. என் வீட்டுக்காரர் சேகர் எங்கள் படகின் பின்பக்கம் குனிந்து நின்று மோட்டாரின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். இழுப்பார், நிற்பார், நெற்றியைத் துடைப்பார், மறுபடி இழுப்பார். மோட்டார் இருமிவிட்டு அடங்கிவிடும். பெட்ரோல் வாடைதான் மிச்சம். நான் மேடையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனம் அக்கா பார்த்தாள். அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கையால் இழுத்தாள், அவ்வளவுதான்.

"என்ன விமலா, இன்னும் கிளம்பலையா? நாங்க முன்னால போயிட்டிருக்கோம் லா," என்றாள்.

அதில் கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவர்களுடைய படகு போன தடத்தில் எழுந்த அலையில் எங்கள் படகு ஆடியது. கயிற்றைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஆடினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இரண்டும் ஒரே நாளில் வந்தவை

தனம் அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் ராஜு மாமாவின் மனைவி. எனக்கு முன்னால் அந்த வீட்டில் மருமகளாக வந்தவள். நான் உள்ளே நுழைந்தபோது நல்ல பெயரையெல்லாம் அவள் ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தாள்.

என் மாமியார் என் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்பார். அந்த 'தான்' தனம் அக்காவின் குழம்புக்கு விழாது. என் தலைமுடி நாற்பதில் வெளுத்தது. அவளுடையது இன்றைக்கும் கறுப்பு, சாயம் இல்லை, பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் என் புடவைப் பைத்தியத்தைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பொறாமைப்படுகிறீர்களே," என்று கேட்டிருந்தார். மறைத்து என்ன செய்யப்போகிறேன் அம்மா, இந்த வயதில்?

மோட்டார்களுக்கு வருகிறேன். அண்ணன் தம்பி இருவருக்கும் மீன்பிடிப் பைத்தியம். பல வருஷங்களுக்கு முன் இருவரும் சேர்ந்து போய், ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு மோட்டார் வாங்கினார்கள். படகின் பின்னால் தொங்கும் வகை. மேலே இயந்திரம், கீழே நீண்ட கால், காலின் நுனியில் விசிறி. இரண்டு அட்டைப் பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ராஜு மாமா வாயைத் திறக்காமல் இடது பக்கப் பெட்டியைக் கையால் காட்டினார். அது அவருடையது ஆயிற்று. மற்றது எங்களுக்கு வந்தது.

அன்றைக்கு அவர் வலது பக்கம் கையைக் காட்டியிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஏனென்றால் இடது பக்கத்து மோட்டார் புதிது போல ஓடிக்கொண்டே இருந்தது. எங்களுடையது இருமத் தொடங்கியிருந்தது.

நான் படகில் ஏறுவதில்லை. கால் வைத்தாலே குமட்டும். தனம் அக்காவோ தேர்வு எழுதிப் படகு ஓட்டும் உரிமமே வாங்கிவிட்டாள். அந்த அட்டையை எனக்குக் காட்டினாள். போட்டோவிலும் முடி கறுப்பாகவே இருந்தது.

மோட்டாருக்கு வயது எப்படிச் சொல்வது

சங்கத்தில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காலைக் கோப்பி மதியச் சாப்பாட்டில் போய் முடியும். மோட்டாருக்கு வருஷக் கணக்கு இல்லை, ஓடிய மணிக் கணக்குத்தான் என்பார் ஒருவர். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் ஓடும் என்பார் இன்னொருவர். அதெல்லாம் ஏரித் தண்ணீரில், நம் உப்புத் தண்ணீரில் பாதிதான் என்பார் மூன்றாமவர். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் வரும், பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் வரும் என்று எல்லாரும் கடைசியில் ஒத்துக்கொள்வார்கள்.

அந்தப் 'பார்த்துக்கொண்டால்' என்பதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

தனம் அக்கா எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். படகு வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவளும் ராஜு மாமாவும் மோட்டாரைக் கழற்றி மேடைக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீர் நிரம்பிய நீலப் பீப்பாய்க்குள் அதன் காலை இறக்குவார்கள். பிறகு மோட்டாரை ஓடவிடுவார்கள். பக்கவாட்டில் ஒரு சிறு துளை வழியாகத் தண்ணீர் மெல்லிய கோடாக வெளியே வரும், சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போகிற மாதிரி. தனம் அக்கா அதில் விரலை நீட்டிச் சூடு பார்ப்பாள். அந்தக் கோடு மெலிந்தால் உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த வருஷமே புதிது போட்டுவிடுவாள்.

உப்பு போனதும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடுவார்கள். மோட்டார் உள்ளே இருக்கிற மிச்சத்தைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். இல்லாவிட்டால் பழைய பெட்ரோல் உள்ளேயே கிடந்து பிசினாகி, அடுத்த வாரம் மோட்டார் இருமும். எங்களுடையது ஏன் இருமியது என்று எனக்கு அப்போது புரிந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அடுத்த வாரம் பாத்துக்கலாம் லா," என்றார்.

இன்னொன்று. விசிறிக்குப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நரம்பு அங்கே சுற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பை அறுத்துவிடும். பல்சக்கர எண்ணெயில் கடல் தண்ணீர் கலந்துவிடும்.

இத்தனை நேரமும் அவர்கள் இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். ராஜு மாமா பேசி நான் பார்த்த இடம் அந்தப் பீப்பாய் ஓரம்தான். அவர் கை ஆட்டி ஏதோ விளக்குவார், அவள் கேள்வி கேட்பாள், அவர் மறுபடி விளக்குவார்.

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பேசி முடியவில்லையே இவர்களுக்கு என்று எரிச்சலாக வரும். என் வீட்டுக்காரர் என்ன செய்வார்? மோட்டாரின் காலைக் கூடத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்காமல், மீன் பெட்டியோடு காருக்கு ஓடி வருவார். தெம்பனிஸில் எங்கள் வீடு வரும்வரை வாய் ஓயாது. வீட்டில் நான் தொட்டியில் செதில் சுரண்டிக்கொண்டிருப்பேன். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, இந்தக் கொடுவா எப்படி முதலில் இழுத்தது, எப்படி ஏமாற்றிவிட்டுப் பாறைக்குள் போனது, பக்கத்துப் படகு மலாய்க்காரர் என்ன சொன்னார் என்று கையெல்லாம் ஆட்டிச் சொல்வார். ஒரே மீனுக்கு மூன்று கதை சொல்வார். "கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லுங்க, செதில் தெறிக்குது," என்பேன்.

மோட்டாருக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றாத மனிதருக்குக் கதைக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்று அலுத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை அன்று நான் ஜெயித்தேன்

எங்கள் சங்கத்தில் தமிழர் படகுகள் ஒரு கைவிரல் கணக்குக்குள் அடங்கும். ஆனாலும் ஆயுத பூஜையை விடமாட்டோம். டாக்சிக்கும் லாரிக்கும் செய்கிறவர்கள் படகுக்குச் செய்தால் என்ன? மோட்டார்களை எல்லாம் கழற்றி வரிசையாக மரத் தாங்கியில் நிறுத்தி, மாலை போட்டு, சூடம் காட்டுவோம். சீனர்களும் மலாய்க்காரர்களும் வந்து நின்று பார்ப்பார்கள், சுண்டலும் வாங்கிச் சாப்பிடுவார்கள்.

வருஷா வருஷம் தனம் அக்காவின் மோட்டாரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். "இன்னும் அதே மோட்டாரா?" என்று ஆச்சரியப்படுவார்கள். எங்களுடையதும் அதே வயதுதானே என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது போலும்.

ஒரு வருஷம் நான் முடிவு செய்துவிட்டேன். தேக்கா கடைத்தெருவுக்குப் போய் மாலை, சந்தனம், குங்குமம், எலுமிச்சை எல்லாம் வாங்கினேன். அப்படியே சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இரும்புச் சாமான் கடைக்குள் நுழைந்து, வெள்ளி நிறத்தில் பீய்ச்சி அடிக்கும் பெயின்ட் இரண்டு டின் வாங்கினேன்.

பூஜைக்கு முந்தின நாள் சங்கத்துக்குப் போய் உட்கார்ந்தேன். மோட்டாரின் காலில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டினேன். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். விசிறிக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு உலோகக் கட்டி திருகப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு சிறிய கட்டி. இரண்டும் சொறி பிடித்த மாதிரி குழிகுழியாக, பார்க்கவே அருவருப்பாக இருந்தன. மோட்டாரிலேயே அசிங்கமான இடம் அதுதான். அதனால் அதற்கு மட்டும் மூன்று பூச்சு அடித்தேன். குழி எல்லாம் நிரம்பி வழவழவென்று ஆயிற்று.

மறுநாள் வெள்ளித் தேர் மாதிரி நின்றது எங்கள் மோட்டார். பட்டுத் துண்டு கட்டி, சந்தனப் பொட்டு வைத்து, ரோஜா மாலை போட்டிருந்தேன். பக்கத்தில் தனம் அக்காவின் மோட்டார், வழக்கம் போல விபூதிப் பட்டையும் ஒற்றைச் செம்பருத்தியுமாக நின்றது. அதை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் எங்கள் மோட்டாரோடு நின்று போட்டோ எடுத்தார்கள். ராஜு மாமாகூடத் தன் கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தார்.

தனம் அக்கா வந்தாள். குனிந்தாள். விசிறிக்கு மேலே விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா பண்ணியிருக்க," என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

கடல் எதையாவது தின்றாக வேண்டும்

ஓரிரு வருஷம் போயிற்று. ஒரு ஞாயிறு, உபின் தீவுக்குப் பக்கத்தில் எங்கள் மோட்டார் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றுபோனது. மேலே இயந்திரம் ஓடியது. கீழே விசிறி சுற்றவில்லை. என் வீட்டுக்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

அவர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். முன்னால் தனம் அக்கா தொப்பியோடு, மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தபடி. பின்னால் கயிற்றின் முனையில் என் வீட்டுக்காரர், சும்மா உட்கார்ந்தபடி. ஒரே நாளில் வாங்கிய இரண்டு மோட்டாரில் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. ஊரே பார்த்தது. எனக்கு மேடைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மோட்டாரைக் காதர் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பெரிய பட்டறை, வாசலில் குளிர்சாதன அறை, சுவரில் அவரே சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோக்கள். வாய் ஓயாத மனிதர். மோட்டார்க் காலின் அடியில் திருகாணியைக் கழற்றினார். வந்த எண்ணெய் பால் கலந்த தேத்தண்ணீர் மாதிரி இருந்தது.

"தண்ணி பூந்துருச்சு. பல்லெல்லாம் துரு," என்றார். காலைத் திருப்பிக் காட்டினார். வெள்ளிப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் குத்தினார். விரல் நுனி உள்ளே போனது. அலுமினியம் மாவாக உதிர்ந்தது.

பிறகு அந்தக் கட்டியைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்டச் சிரிக்க ஆரம்பித்தார்.

"யாரு இதுக்குப் பெயின்ட் அடிச்சது?"

நான் சுவரில் இருந்த போட்டோக்களைப் பார்த்தேன்.

"இது துத்தநாகம் லா. உப்புத் தண்ணிக்கு எதையாச்சும் தின்னாகணும். மோட்டார விட்டுட்டு இத தின்னுட்டுப் போகட்டும்னுதான் இத வெச்சிருக்காங்க. இது அசிங்கமா கரையுதுன்னா மோட்டார் நல்லா இருக்குன்னு அர்த்தம். கரைஞ்சு போச்சுன்னா வேற மாத்தணும். நீங்க இத பத்திரமா மூடி வெச்சிட்டீங்க. தண்ணி மோட்டாரத் தின்னுருச்சு. காலையும் தண்ணியிலேயே ஊறப் போட்டிருக்கீங்க, பின்ன என்ன?"

பெயின்ட் முழுதும் போனதும் கட்டியின் மேல் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. பாதி தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. 'பெயின்ட் அடிக்காதே' என்று எழுதியிருந்தது.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஆனா அன்னிக்கு என்ன அழகா இருந்துச்சு பாய், நீங்க பாத்திருக்கணும்," என்றார் காதர் பாயிடம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது நீளமாகிப் போனது. புது மோட்டார் வாங்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட நேரம். அண்ணன் படகில் போகச் சொன்னேன். "அங்க போய் நான் சும்மா உக்காந்துட்டு வரதா?" என்றார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். வந்து சொல்ல ஒன்றும் இருக்காது. டிவி மட்டும் ஓடும்.

தனம் அக்கா தெம்பனிசுக்கு வந்தாள்

அப்புறம் ராஜு மாமாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆயிற்று. இனிமேல் ஆடுகிற படகில் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாமா என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். அவருடைய போன் பேச்சு எப்போதும் தந்தி மாதிரிதான்.

"படக வித்துடுறேன். மோட்டார நீ எடுத்துக்க."

என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து தூண்டில்களை எல்லாம் எடுத்து வெளியே போட்டார். வீடு முழுக்க நரம்பும் முள்ளும். பல மாதங்களுக்குப் பிறகு விசிலடித்தார்.

எனக்கு அது இறங்கவில்லை. அவள் மோட்டார் எங்கள் படகிலா? போகிற வருகிறவரெல்லாம், 'தனம் அக்கா மோட்டார் எப்படி ஓடுது பார்' என்பார்களே? ஆனால் அவர் விசிலடித்ததைக் கேட்ட பிறகு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. விழுங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் தனம் அக்கா மார்சிலிங்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ரயில் மாறி எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். அவள் தனியாக வந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் புதுக் கயிறு வாங்கப் போயிருந்தார். கையில் ஒரு பொட்டலம் குவே, மலாய்ப் பலகாரம், கொண்டுவந்திருந்தாள். நான் தே கலந்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"விமலா, ஒரு ஹெல்ப் பண்ணு. அந்த மோட்டார் வேணாம்னு சேகர சொல்லச் சொல்லு," என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏன் அக்கா? சும்மாத்தானே கெடக்கப் போகுது? நாங்க வெச்சுக்கிட்டா கெட்டுடும்னு பயமா? அதுகூட எங்களுக்கு வரக் கூடாதா?"

"அதில்ல."

"பின்ன என்ன? இவரு மூஞ்சியப் பாத்தீங்களா நீங்க? இத்தன மாசமா மனுஷன் செத்த மாதிரி கெடந்தாரு. இப்பதான் எந்திரிச்சிருக்காரு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல, குவேப் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"மோட்டார் போச்சுன்னா நான் அவருகிட்ட என்ன பேசுறது, விமலா?"

எனக்குப் புரியவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும், உன் வீட்டு ஆளுக்குத்தான் வாய் மூடாதே. எங்க வீட்ல சாப்பாடு, தண்ணி, லைட் ஆப் பண்ணு, அவ்வளவுதான். கல்யாணம் ஆன புதுசுல பயந்துட்டேன், என்னைப் பிடிக்கலையோன்னு. அப்புறம் இந்த மோட்டார் வந்துச்சு. ஒரு நாள் சும்மா இது என்னன்னு கேட்டேன். அரை மணி நேரம் பேசினாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அடுத்த வாரம் இன்னொன்ன கேட்டேன். பதில் தெரிஞ்சாலும் கேப்பேன். அந்தப் பீப்பாய் கிட்ட நிக்கிற நேரம்தான் எனக்கு. லைசென்ஸ் எடுத்ததும் அதுக்குத்தான். கடல்ல எனக்கும் குமட்டும், உனக்குத் தெரியுமா? மாத்திரை போட்டுட்டுத்தான் போவேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன்," என்றாள். "ஆயுத பூஜை அன்னிக்கு நான் பாத்தேன். அந்தக் கட்டிக்கு நீ பெயின்ட் அடிச்சிருந்தத. தொட்டுப் பாத்தேன்ல? அப்பவே தெரியும், மோட்டார் போயிடும்னு."

"ஏன் அக்கா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல."

அவள் குரல் மாறவே இல்லை.

"அவரு உன் மோட்டார போட்டோ எடுத்தாரு. என்னை அவரா ஒரு தடவ போட்டோ எடுத்ததில்ல. உன் ஆளு அங்க நின்னு எல்லாருகிட்டயும் 'என் ஒய்ப் பண்ணது, என் ஒய்ப் பண்ணது'ன்னு சொல்லிட்டிருந்தாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது விமலா. அது இன்னிக்கு நேத்து இல்ல. நீ கார்ல ஏறினதும் உன் ஆளு பேச ஆரம்பிப்பாரே, கண்ணாடி வழியா வாய் அசையறது தெரியும். நான் அதையே பாத்துட்டு நிப்பேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எங்கள் மோட்டாரைச் சாகவிட்டவள் எதிரில் உட்கார்ந்து குவே பிரிக்கிறாள். என் வீட்டுக்காரரின் இத்தனை மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியவள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கோபத்துக்கு முன்னால் வந்தது சந்தோஷம்தான். என்னைப் பார்த்துத் தனம் அக்கா பொறாமைப்பட்டாள். இத்தனை வருஷமாக. என் கூன் நிமிர்ந்து போன மாதிரி இருந்தது. அந்தப் பெருமையில் எனக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"மோட்டார் எங்க படகுக்கு வரட்டும் அக்கா," என்றேன். "ஆனா எங்க ரெண்டு பேருக்கும் அத பாத்துக்கத் தெரியாது, அதான் ஊருக்கே தெரியுமே. ஞாயித்துக்கிழமை இவரு திரும்பி வர நேரத்துக்கு நீங்களும் மாமாவும் சங்கத்துக்கு வந்துடுங்க. மாமாவுக்கு நாற்காலி போட்டுடலாம். கழுவுறது, கிரீஸ் வெக்கிறது எல்லாம் உங்க பொறுப்பு. மாமா சொல்லட்டும், நீங்க கேளுங்க."

அவள் தே கோப்பையை எடுத்துக் குடித்தாள். ஆறிப் போயிருந்தது. மறுபடி கலந்து கொடுத்தேன்.

இப்போதைய ஞாயிறுகள்

ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. என் வீட்டுக்காரர் விடியும் முன் போய்விடுகிறார். மத்தியானம் பீப்பாய் பக்கத்தில் ராஜு மாமா நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் சுட்டிக்காட்டிப் பேசுகிறார். முன்பைவிட அதிகம் பேசுகிறார் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். தனம் அக்கா கேள்வி கேட்கிறாள். சீக்கிரமே வேலை முடிந்தாலும் அவர்கள் கிளம்புவதில்லையாம். என் வீட்டுக்காரரும் அவர்களோடு நிற்கிறார். அங்கேயே மீனைச் சுத்தம் செய்துவிடுகிறார்கள், தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கிறதே. நான் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

போன ஞாயிறு வெயில் சாய்ந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். பையில் இரண்டு கொடுவா, செதில் நீக்கி, குடல் நீக்கி, துண்டு போட்டு, கழுவி. நான் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் தொட்டிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பெருசா இருக்கே. எப்படி மாட்டுச்சு?" என்று கேட்டேன்.

"அது பெரிய கதை லா," என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இப்பதான் அண்ணி கிட்டயும் அண்ணன் கிட்டயும் மூச்சு விடாம சொல்லி முடிச்சேன். தொண்ட வறண்டு போச்சு. அப்புறம் சொல்றேன்."

குளித்தார், சாப்பிட்டார், படுத்துத் தூங்கிவிட்டார்.

நான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தனம் அக்காவுக்குப் போன் போட்டேன். என் புருஷன் இன்றைக்கு மீன் பிடித்த கதையை எனக்குக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

சொன்னாள். அவர் எங்கே நிறுத்துவாரோ அங்கே நிறுத்தி, எங்கே குரலை இறக்குவாரோ அங்கே இறக்கி, ஒன்றுவிடாமல், நன்றாகவே சொன்னாள்.